வருதுங்க என்று சொன்னவள்

அவளுக்குக் கோபம் வராத நாள் ஒன்று இருந்தால், அன்றைக்கு அவளுக்குக் காய்ச்சல் என்று அர்த்தம். முகாமில் இருந்த அறுபது பேரும் அவளைக் கடுகு என்றுதான் சொன்னார்கள், அதுவும் முகத்துக்கு நேராகவே. அந்தப் பேரை முதலில் வைத்தவன் யார் என்று கடைசிவரை தெரியவில்லை. தெரிந்திருந்தால் அவனுக்கு ஒரு மாதம் டீ கிடைத்திருக்காது.

மலையை வெட்டி ரோடு போடுகிற ஆட்களுக்குச் சமைத்துப் போடுவது அவள் வேலை. பதினெட்டு வருஷத்தில் இது பதினோராவது முகாம். எல்லா முகாமும் ஒரே அச்சுதான்: வரிசையாகத் தகரக் கொட்டகை, கூரைமேல் ரெண்டு சோலார் பலகை, சூப்பர்வைசர் அறைக்கு மட்டும் ஒரு ஃபேன். கரண்டுக் கம்பியும் தண்ணீர்க் குழாயும் எட்டிப் பார்க்காத இடத்துக்குத்தான் ரோடு போகும். ரோட்டுக்கும் முந்தி அவளுடைய அடுப்பு போகும். ரோடு முடிந்து பஸ் ஓட ஆரம்பிக்கும்போது அவள் அடுத்த மலையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருப்பாள். தான் சோறு போட்டு வளர்த்த ரோட்டில் ஒருநாள்கூட அவள் பஸ்ஸில் போனது கிடையாது. அதைப் பற்றியும் அவளுக்குக் கோபம் உண்டு.

யாருக்கும் பயந்தவள் இல்லை. ஒரு முகாமில் புழுத்த அரிசி வந்தபோது, அந்த மூட்டையைத் தலையில் தூக்கிக்கொண்டு போய்க் காண்ட்ராக்டருடைய ஜீப்பின் முன்சீட்டில் உட்கார வைத்துவிட்டு, "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க சார். உங்க வீட்டம்மா கையால ஆக்கிச் சாப்பிடுங்க" என்றவள். மறுநாளே நல்ல அரிசி வந்தது. இப்படி வாய் உள்ளவள், வாயைத் திறக்க வேண்டிய ஓர் இடத்தில் தவறான வார்த்தையைச் சொன்னாள். அதைத்தான் சொல்லப் போகிறேன்.

அவள் புருஷன் அவளுக்கு நேர் எதிர். ரோட்டுக்கு அடியில் மழைத்தண்ணீர் போகக் குழாய் பதிக்கிற ஃபிட்டர். வேலை அத்தனை சுத்தம். அவர் முடுக்கிய இணைப்பில் ஒரு சொட்டு கசிந்து யாரும் பார்த்ததில்லை. ஆனால் மேலே இருப்பவன் எதைச் சொன்னாலும் அவர் வாயில் வருவது ஒரே வார்த்தை: "சரிங்க." ஆட்கள் அதையே அவருக்குப் பேராக வைத்துவிட்டார்கள். "சரிங்க அண்ணே, டீ குடிச்சாச்சா?" என்று கேட்டால், மனிதர் சிரித்துக்கொண்டே அதற்கும் "சரிங்க" என்பார். அந்தச் சிரிப்பைப் பார்க்கும்போதெல்லாம் கடுகுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அவருடைய தங்கச்சியும் அவர்களோடு இருந்தாள். அவள் புருஷன் வெளியூர் லாரி ஓட்டுகிறவன், ரெண்டு மாதத்துக்கு ஒருமுறை தலைகாட்டுவான். கல்யாணமாகி ஏழு வருஷம் கழித்து இப்போதுதான் வயிற்றில் ஒன்று தங்கியிருந்தது. ஆறாம் மாதம். நாத்தனாரும் அண்ணியும் சமையல் கொட்டகைக்குள் நாள் முழுக்கச் சண்டை போடுவார்கள். உப்புக்குச் சண்டை, விறகுக்குச் சண்டை, உட்கார்ந்து காய் நறுக்கு என்றால் நின்றுகொண்டு நறுக்குகிறாளே என்று சண்டை. ஆனால் முதல் தட்டுச் சோறு நாத்தனாருக்குத்தான் போகும், சூப்பர்வைசரே பசியோடு நின்றாலும்.

சமையலுக்குத் தண்ணீர் வாரம் ரெண்டு தடவை லாரியில் வந்தது. ஆறு டிரம்மை நிரப்பிவிட்டுப் போய்விடும். குளிக்க, துவைக்க, கீழே பள்ளத்தில் ஓடையில் இறங்கிக்கொள்ள வேண்டியதுதான். மண்ணில் வெட்டிய எழுபது படி. சௌகரியம் என்று சொல்ல முடியாது, ஆனாலும் வண்டி ஓடியது.

அப்புறம் மேலிடத்திலிருந்து ஓர் உத்தரவு வந்தது. எல்லா முகாமிலும் குழாயைத் திறந்தால் தண்ணீர் வர வேண்டும், அடுத்த வாரம் அதிகாரி நேரில் வந்து பார்ப்பார். உத்தரவின் பின்னாலேயே ஆயிரம் லிட்டர் தொட்டி வந்தது, அதைத் தூக்கி நிறுத்த ஆள் உயரத்துக்கு மேலே ஓர் இரும்பு ஸ்டாண்ட் வந்தது, பளபளவென்று நாலு குழாய் வந்தது. மலைமேல் இருந்த ஊற்றிலிருந்து தண்ணீரைக் கீழே கொண்டுவர வேண்டிய கருப்பு பைப் மட்டும் வரவில்லை.

"தொட்டியை நிறுத்து, குழாயை மாட்டு" என்றான் சூப்பர்வைசர். "பைப் பத்து நாள்ல வந்துடும். அப்ப லைனை இழுத்துக்கலாம். அன்னிக்கு ஒருநாள் தொட்டியில தண்ணி இருந்தா போதும்."

"சரிங்க" என்றார் ஃபிட்டர்.

அதிகாரி வருகிற அன்றைக்கு விடிந்ததும் அறுபது ஆட்களும் ஓடையிலிருந்து தொட்டிவரை வரிசையாக நின்றார்கள். குடம் கைமாறிக் கைமாறி மேலே வந்தது. "வழி விடு, வழி விடு, குழாய்த்தண்ணி நடந்து வருது!" என்று ஒருத்தன் கத்த, எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஒருத்தன் வழுக்கி ஓடையில் உட்கார்ந்தான், அதற்கும் சிரிப்பு. கடுகும் சிரித்தாள். அதை மறைத்துப் பேச எனக்கு மனம் வரவில்லை. ஒரு காலை நேரம் முழுக்க அந்த முகாமே பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மாதிரி இருந்தது.

அதிகாரி ஒரு பெண்மணி. கண்ணாடி, கான்வாஸ் ஷூ, கையில் அட்டை வைத்த ஃபைல். தொட்டியைச் சுற்றி ஒருமுறை வந்தார். குழாயைத் திறந்து கைகழுவினார். சூப்பர்வைசர் செல்போனில் படம் எடுத்துக்கொண்டான். அப்புறம் அவர் யாரும் எதிர்பாராமல் நேராகச் சமையல் கொட்டகைக்கு வந்தார்.

"தண்ணி எப்பவும் வருதாம்மா?"

கடுகு புருஷன் முகத்தைப் பார்த்தாள். அது வெளுத்துப்போயிருந்தது. தொட்டி வேலை முடிந்ததற்குக் கையெழுத்துப் போட்டிருந்தது அவர்தான். வெளியே நனைந்த சட்டையோடு நின்ற ஆட்களைப் பார்த்தாள். பத்து நாளில் வரப்போகிற பைப்புக்காக எல்லோருடைய முகத்திலும் கரியைப் பூச வேண்டுமா என்று நினைத்தாள்.

"வருதுங்க" என்றாள்.

அதிகாரி ஒரு நொடி அவளையே பார்த்தார். ஃபைலில் எழுதிக்கொண்டு ஜீப்பில் ஏறிவிட்டார்.

மறு வாரம் தண்ணீர் லாரி வரவில்லை. குழாயில் தண்ணீர் வருகிற முகாமுக்கு லாரி எதற்கு என்று மேலிடத்தில் நிறுத்திவிட்டார்கள். கடுகு சூப்பர்வைசர் அறை வாசலில் போய் நின்றாள்.

"ரிப்போர்ட்ல வருதுன்னு இருக்கு. இப்ப வரலைன்னு நான் எப்படிச் சொல்றது? நீயேதானே சொன்னே?" என்றான் அவன், மொபைலிலிருந்து தலையை எடுக்காமல்.

"பைப் எப்ப வரும் சார்?"

"வரும்."

பத்து நாளில் பைப் வந்தது. இதுதான் வயிற்றெரிச்சல். நூறு மீட்டர் சுருள், ஆறு சுருள், கருகருவென்று வந்து இறங்கியது. சூப்பர்வைசர் அதைத் தன் அறைக்குப் பின்னால் அடுக்கித் தார்ப்பாய் போட்டு மூடினான். வேலை முடிந்துவிட்டதாக எழுதிப்போன முகாமுக்கு மறுபடி ஆட்களை இழுத்துவிட முடியாதாம். சுருளை அப்படியே வைத்திருந்தால் அடுத்த முகாமில் கேட்காமலே கையில் இருக்குமாம். ஆட்கள் மலை வெட்ட வந்தவர்களாம், குழாய் இழுக்க வந்தவர்கள் இல்லையாம். அவனுக்குக் குடிக்கத் தண்ணீர் பாட்டிலில் வந்தது. அதனால் அவனுக்கு அவசரமில்லை.

ஆக, அறுபது பேருக்குச் சமைக்க, குடிக்க, பாத்திரம் கழுவ, அவ்வளவு தண்ணீரும் எழுபது படி ஏறி ரெண்டு பெண்களின் இடுப்பில் வந்தது. அது போதாதென்று தொட்டியும் காலியாக இருக்கக் கூடாதாம், எந்த நேரமும் யாராவது பார்க்க வரலாமாம். குடத்தை ஏணியில் தூக்கிக்கொண்டு ஏறி, தொட்டியின் வாயில் கவிழ்த்துவிட்டு இறங்க வேண்டும். குழாய் வருவதற்கு முன்னால் தண்ணீர் தரையில்தான் இருந்தது. குழாய் வந்த பிறகு அதை வானத்துக்கு ஏற்ற வேண்டியிருந்தது. ஆட்கள் ஆறு மணிக்கு வேலைக்குப் போனால் இருட்டுகிறபோதுதான் திரும்புவார்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் குடம் தூக்கிக் கொடுத்தார்கள்.

"நீ படியில இறங்காதே. உக்காரு" என்று நாத்தனாரைப் பார்த்துத் தினமும் கத்தினாள் கடுகு.

"நீங்க ஒத்தையா எத்தனை குடம்தான் தூக்குவீங்க அண்ணி? எனக்கு ஒண்ணும் ஆகாது."

"ஏதாவது ஆச்சுன்னா உங்க அண்ணன் 'சரிங்க'ம்பாரு. எனக்கு அப்படிச் சொல்ல வராது. உக்காருடி!"

அவள் உட்காரவில்லை. அண்ணி அடுப்படியில் இருக்கும்போது, சின்னக் குடத்தை எடுத்துக்கொண்டு இறங்கிவிடுவாள். புருஷனிடம் கடுகு கத்தாத வார்த்தை இல்லை. அவர் இன்னும் ஒருமுறை கேட்கிறேன் என்று போவார். போன வேகத்தில் திரும்புவார். "அடுத்த வாரம் பார்க்கலாம்னாரு." "நீங்க என்ன சொன்னீங்க?" அவர் சொல்ல மாட்டார். சொல்லத் தேவையும் இல்லை.

அதிகாரி வந்துபோன நாற்பதாவது நாள் காலையில் சூப்பர்வைசர் சேறு ஒட்டிய பூட்ஸோடு வந்து குழாயைத் திருகினான். சொட்டு வரவில்லை. "யாரங்கே? தொட்டி ஏன் காலியா இருக்கு?" என்று சத்தம் போட்டான். கடுகு அப்போது பெரிய அண்டாவைச் சாய்த்துச் சோறு வடித்துக்கொண்டிருந்தாள். கொதிக்கிற கஞ்சி, கையை எடுக்க முடியாது. "இருங்க சார், வரேன்!" என்று உள்ளேயிருந்து கத்தினாள். அவள் வருவதற்குள் நாத்தனார் குடத்தோடு ஏணியில் ஏறியிருந்தாள். நாலாவது படியில் கால் வழுக்கியது.

அவன் பூட்ஸ் கழுவுவதற்காக.

ஜீப்பில் பெரிய ஆஸ்பத்திரிக்கு ரெண்டரை மணி நேரம். கடுகு பின்சீட்டில் நாத்தனாரின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, வழி முழுக்க டிரைவரைத் திட்டிக்கொண்டே போனாள், அழுகை வந்துவிடக் கூடாதே என்று. சாயங்காலம் குழந்தை பிறந்தது. ஏழு மாதக் குழந்தை. பையன். அழவில்லை. நர்ஸ் துணியில் சுற்றிக் கொண்டுவந்து காட்டியபோது கடுகுதான் வாங்கிக்கொண்டாள். ஒரு குடம்கூட எடை இல்லை. லாரி ஓட்டுகிற தகப்பன் வந்து சேர மறுநாள் ஆனது.

மூன்று நாள் கழித்து, நாத்தனாரை அவள் புருஷனிடம் ஒப்படைத்துவிட்டு, கடுகு முகாமுக்குத் திரும்பினாள். விடிகாலையில் கொட்டகைக்குள் போனாள். அடுப்பைப் பற்ற வைக்கவில்லை. அண்டாவைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தாள்.

டீக்கு வந்த ஆட்கள் ஒருவர் பின்னால் ஒருவராக வாசலில் நின்றார்கள். கடைசியில் சூப்பர்வைசர் வந்தான்.

"என்ன இது? அறுபது பேர் பட்டினி கிடக்கணுமா?"

"அறுபத்தொண்ணு. உங்களை விட்டுட்டீங்க."

"நடந்ததுக்கு எனக்கும் வருத்தம்தான். அதுக்காக..."

"உங்க வருத்தத்தை வெச்சு உலை வைக்க முடியாது சார். ஊத்துலேர்ந்து பைப் வரட்டும். தொட்டியில தண்ணி விழுற சத்தம் எனக்குக் கேக்கட்டும். அப்ப அடுப்பு எரியும்."

"வேற ஆளை வரவழைப்பேன்."

"வரவழைங்க. எழுபது படியையும் ஏணியையும் காட்டிட்டு வேலைக்கு வெச்சுக்குங்க."

ஆட்கள் அவனுடைய பதிலுக்குக் காத்திருக்கவில்லை. நாலைந்து பேர் அவன் அறைக்குப் பின்னால் போய்த் தார்ப்பாயை உருவினார்கள். ஒரு சுருளை மாற்றி மாற்றிச் சுமக்க நாலு பேர். மலை ஏறத் தொடங்கிவிட்டார்கள். தடுத்துப் பயனில்லை என்று தெரிந்ததும் அவன் சட்டென்று குரலை மாற்றினான். ஃபிட்டரைத் தனியாகக் கூப்பிட்டு, "அஞ்சு சுருள்ல முடிச்சுடு. பாறை மேட்டைச் சுத்திப் போகாதே, மேட்டு மேலேயே நேரா இழு. ஒண்ணு மிச்சமாகட்டும்" என்றான்.

"சரிங்க."

நம்ப முடிகிறதா? தங்கச்சி ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள், மனிதர் சரிங்க என்கிறார். பதினெட்டு வருஷத்துப் பழக்கம், நாக்கு தானாகச் சொல்லிவிடுகிறது.

அன்று மாலைக்குள் ஊற்றில் சல்லடை கட்டி, லைனை இழுத்து முடித்தார்கள். தொட்டியில் தண்ணீர் விழுந்தது. கைதட்டல், விசில். அரைமணி நேரம் விழுந்து, மெலிந்து, கொர்ரென்று ஒரு சத்தத்தோடு நின்றுபோனது.

ஃபிட்டர் பைப்பைத் தட்டிக்கூடப் பார்க்கவில்லை. "மேட்டுல பைப்புக்குள்ள காத்து அடைச்சுக்கிச்சு" என்றார்.

"அடைக்கும்னு முன்னாடியே தெரியுமா?" என்று கேட்டாள் கடுகு.

அவர் தரையைப் பார்த்தார்.

"தெரிஞ்சேதான் போட்டீங்க. அவன் சொன்னான்னு போட்டீங்க." அவள் குரல் உயரவில்லை. அவளைத் தெரிந்தவர்களுக்கு அதுதான் பயமாக இருந்தது. "நீங்க சரிங்கன்னீங்க. நான் வருதுங்கன்னேன். அவன் ஒருத்தன் மட்டும் இல்லை. நாம ரெண்டு பேரும் சேர்ந்துதான் அவளை ஏணியில ஏத்தினோம்."

மறுநாள் வெளிச்சம் வந்ததும் ஃபிட்டர் ஆறாவது சுருளைத் தோளில் ஏற்றினார். சூப்பர்வைசர் பல் துலக்கிக்கொண்டே வழிமறித்தான். "அதை மிச்சம் வைன்னு சொன்னேனே?"

"முடியாதுங்க" என்றார்.

அவன் பிரஷ்ஷை வாயிலிருந்து எடுக்க மறந்து நின்றான். அவர் மேட்டின்மேல் கிடந்த பைப்பை அறுத்தார். பாறையைச் சுற்றி, ஏற்றமே இல்லாமல் ஒரே இறக்கமாக லைனைக் கொண்டுவந்தார். பதினோரு மணிக்குத் தொட்டியில் தண்ணீர் கொட்டத் தொடங்கியது. அதற்கப்புறம் அது நிற்கவேயில்லை.

ஆட்கள் குழாயடியில் சட்டையைக் கழற்றிப்போட்டுக் குளித்தார்கள். கடுகு அடுப்பைப் பற்ற வைத்தாள். அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. ஒன்றரை நாள் வேலை. வெறும் ஒன்றரை நாள். அதிலும் அரைநாள் அவன் பேச்சைக் கேட்டு வீணாய்ப்போனது. அந்தப் பைப் ஒரு மாதமாக அவன் அறைக்குப் பின்னால் தூங்கியது. அந்த ஒரு மாதமும் ஒரு பிள்ளைத்தாய்ச்சி குடம் சுமந்தாள். இதை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது?

ரெண்டு வாரம் கழித்து அதே அதிகாரி மறுபடி வருவதாகத் தகவல் வந்தது. சூப்பர்வைசர் காலையிலேயே கொட்டகைக்கு வந்தான், ரொம்பப் பணிவாக.

"இப்பதான் உண்மையிலேயே வருதே. வருதுன்னு மட்டும் சொல்லு. பழசைக் கிளறினா முதல்ல போறது உன் புருஷன் வேலைதான். கையெழுத்து அவரோடது."

அவள் வெங்காயத்தை நறுக்கினாள்.

அதிகாரி வந்தார். இந்த முறையும் தொட்டியைச் சுற்றி வந்தார், குழாயைத் திறந்து பார்த்தார், கொட்டகைக்கு வந்தார். சூப்பர்வைசரும் ஃபிட்டரும் பின்னால் நின்றார்கள்.

"தண்ணி நல்லா வருது போலிருக்கேம்மா."

"இப்ப வருதுங்க. அன்னிக்கு நீங்க கேட்டப்ப வரலை. ஆளுங்க குடத்துல ஊத்தினது. நான் பொய் சொன்னேன்."

சூப்பர்வைசர் இருமினான். அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து முடிக்க நேரம் எடுத்துக்கொண்டார்.

"எனக்குத் தெரியும்மா" என்றார். "தொட்டியிலேர்ந்து வெளிய வர்றதுக்கு நாலு குழாய் இருந்துச்சு. உள்ள போறதுக்கு ஒண்ணுகூட இல்லை. அதனாலதான் இவங்க யாரையும் கேக்காம உங்ககிட்ட வந்து கேட்டேன். சமைக்கிறவங்க உள்ளதைச் சொல்லிடுவாங்க, லாரியை நிறுத்தாம வெச்சுக்கலாம்னு நினைச்சேன்."

கடுகு கையிலிருந்த கத்தியைக் கீழே வைத்தாள். அன்றைக்கு இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். கேட்டவரே அதற்காகத்தான் வந்து நின்றிருக்கிறார்.

"கண்ணால பார்த்துட்டு ஏன் எழுதலை?"

"நீங்க வருதுன்னு சொன்னீங்க, அதை எழுதினேன்." அதிகாரியின் குரல் இறங்கியது. "அன்னிக்கு இன்னும் மூணு முகாம் பார்க்க வேண்டியிருந்துச்சும்மா."

நாக்கு நுனிவரை வந்ததைக் கடுகு விழுங்கினாள். திட்டுவதாக இருந்தால் எங்கே தொடங்கி எங்கே முடிப்பது, தன்னை எந்த இடத்தில் சேர்ப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். அவர் அவளை நேராகப் பார்த்தார்.

"சொல்லு" என்றார்.

அவள் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

"அன்னிக்கு நான் சொன்னதை எழுதினீங்கள்ல. இன்னிக்குச் சொல்றதையும் எழுதுங்க. முதல்ல நீங்க வந்தப்ப குழாய்ல தண்ணி வரலை. வருதுன்னு சமையக்காரி பொய் சொன்னா. அதை நம்பி லாரியை நிறுத்தினாங்க. பைப் வந்தும் ஒரு மாசம் மூடி வெச்சாங்க. தொட்டியில தண்ணி ஊத்த ஏணியில ஏறினவ விழுந்தா. ஏழு மாசத்துக் குழந்தை செத்துப்போச்சு. ஆம்பளப் புள்ளை."

வேகமாக எழுதிக்கொண்டே வந்த அதிகாரி கடைசி வரியில் பேனாவை நிறுத்தினார். "இது குடிநீர் வசதி ரிப்போர்ட்டும்மா. கடைசியா சொன்னதுக்கு இதுல இடம் இல்லை."

"அதை முதல் வரியா எழுதுங்க" என்றாள் கடுகு. "எழுதி முடிக்கிறவரைக்கும் நான் இங்கதான் நிக்கப்போறேன்."

அதிகாரி எழுதியிருந்த தாளைக் கிழித்தார். புதுத் தாள் ஒன்றை எடுத்து அட்டையில் மாட்டி, மேலேயிருந்து எழுதத் தொடங்கினார்.